கழற்றிய வண்டியில் பிரேக் மிதித்தவள்

என் அக்காவைப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒருத்திக்குப் பொறுமைசாலி என்று பட்டம் கட்டிவிட்டால், அப்புறம் அவள் தலையில் எதை ஏற்றினாலும் கேட்க நாதி இருக்காது. பொறுத்தார் பூமி ஆள்வாராம். அக்கா இருபத்திரண்டு வருடம் பொறுத்தாள். அவள் ஆண்டது ஒரு சமையல்கட்டும் ஒரு துணிக்கொடியும்.

அவளுடைய குடும்ப வாழ்க்கையை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: "பிடி." அத்தானுக்கு எந்த வேலையையும் தனியாகச் செய்ய வராது. பல்பு மாற்ற ஏணியில் ஏறினால் ஏணியை அக்கா பிடிக்க வேண்டும். சுவரில் ஆணி அடித்தால் ஆணியை அக்கா பிடிக்க வேண்டும், சுத்தியல் அவர் கையில். ஆணிமேல் விழாத அடி எங்கே விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய இடது கட்டைவிரல் நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது. வேலை ஒழுங்காக முடிந்தால் "நான் பண்ணினேன்" என்பார். சொதப்பினால், "இவ சரியா பிடிக்கல."

அவர்கள் வீட்டு வாசலில் ஒரு இரும்புக் கேட் இருக்கிறது. தூண் சாய்ந்துபோய், திறந்துவிட்ட கேட் தானாகவே வந்து சாத்திக்கொள்ளும். ஒரு கொக்கி போட்டால் தீர்ந்தது. கொக்கி போடுகிறேன் என்று அத்தான் சொல்லி ஒன்பது வருடம் ஆகிறது. அதுவரைக்கும் அவர் வேனை எடுக்கும்போதெல்லாம் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வண்டி தெருவில் இறங்கிய பிறகும் அவர் கண்ணாடியில் தலை வாரி முடிக்கிற வரை நிற்க வேண்டும்.

அத்தான் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டில் எல்லோரும் என் வாயை அடைத்துவிட்டார்கள். "அந்த மனுஷனுக்கு என்னடி குறைச்சல்" என்பாள் அம்மா. குறைச்சல் ஒன்றும் இல்லை. எல்லாம் கொஞ்சம் கூடுதல், அதுதான் பிரச்சினை.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தாள். இயந்திரத்திலிருந்து ஈரமாக வரும் படுக்கை விரிப்புகளை இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி பிடித்து, ஒன்று இரண்டு என்று எண்ணி உதறி, மடித்து அடுக்க வேண்டும். அங்கேயும் பிடிக்கிற வேலைதான். ஆனால் அங்கே எதிரே நிற்கிறவளும் சேர்ந்து பிடித்தாள். அதனாலோ என்னவோ, அந்த வேலையைப் பற்றி அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

நாற்பத்து மூன்றாவது வயதில் அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை, என்னைத் தவிர. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரியும். அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்றார், அவ்வளவுதான். அத்தானுடைய வேன் முன்பு வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. நேரத்துக்குப் போகாததால் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் வண்டி முற்றத்தில் நின்றே பழகிவிட்டது. ஆஸ்பத்திரித் தலைமை நர்சு ஒருநாள் அக்காவிடம் கேட்டார். காலை முறை வேலைக்கு வரும் ஒன்பது நர்சுகளுக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது, தினமும் ஐந்து மணிக்குக் கிளம்பி அவர்களை ஏற்றி வர ஆள் வேண்டும், நீ வருவாயா என்று. இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை தொடக்கம். முதல் நாளே வண்டி வரவில்லை என்றால் இன்னொருவர் வேனோடு தயாராக நிற்கிறார், அவருக்குப் போய்விடும்.

அக்கா அன்று என் கடைக்கு நடந்தே வந்து இதைச் சொன்னாள். நான் வண்டி உதிரிபாகக் கடையில் பன்னிரண்டு வருடமாகக் கவுன்ட்டரில் நிற்கிறேன். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. கவுன்ட்டரில் கிடந்த ஒரு பேரிங்கை எடுத்து உருட்டிக்கொண்டே பேசினாள்.

பதினொரு நாள் அவள் விடியற்காலையில் அந்தப் பாதையை ஓட்டிப் பழகினாள். பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, தண்ணீர்த் தொட்டி மேட்டில் வண்டி ஏறவில்லை. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை. கிளட்ச் போய்விட்டது. தெருவில் நாலு பேர் தள்ளித்தான் வண்டி வீடு வந்தது.

அத்தான் வாசலில் நின்று, தள்ளி வந்த நாலு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இதான். பதினோரு நாள்ல கிளட்ச எரிச்சிட்டா." பக்கத்து வீட்டு வெல்டர் காதில் விழவில்லையோ என்று அவர் பட்டறைக்கே போய் இன்னொரு தடவை சொன்னார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அக்கா பதினொரு நாள் தெருவில் தலை நிமிர்ந்து போனதற்கு அதுதான் கூலி.

எங்கள் கடைக்கு வரும் மெக்கானிக்கைக் கேட்டேன். "புதன்கிழமைக்கு முன்னாடி என்னால கை வைக்க முடியாதும்மா" என்றார். அத்தானோ, "ஒரு கிளட்ச் மாத்துறதுக்கு மெக்கானிக் எதுக்கு? வீட்டிலயே நான் மாத்துறேன்" என்றார். சனிக்கிழமை வெல்டரின் துணையோடு வேனைத் தூக்கி இரும்புக் கால்களில் நிறுத்தி, கியர்பாக்ஸைக் கழற்றிக் கீழே இறக்கிவிட்டார். அதை அவர் செய்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அரைநாள் கடை. புது கிளட்ச் செட், எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஒரு ஆயில் சீல், கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் சில கருவிகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஒரு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். ஆயில் சீலை யாரும் கேட்கவில்லை. அதை ஏன் எடுத்துப் போட்டேன் என்பது எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், அக்கா வேனுக்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். வெயில் நேராக முகத்தில். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகை சீட்டில் அண்டக்கொடுத்து, வலது காலால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருக்கிறாள். கால் நடுங்குகிறது. வியர்வை கழுத்து வழியாக இறங்கி ஜாக்கெட் நனைந்திருக்கிறது. வண்டிக்கு அடியிலிருந்து அத்தானின் இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கால்களுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மிதின்னா மிதி. பூவ மிதிக்கிற மாதிரி மிதிச்சா எப்படி நிக்கும்?"

"மிதிச்சுட்டுதாங்க இருக்கேன்."

"எங்க மிதிக்கிற? சுத்துது பாரு. இன்னும் நல்லா மிதி."

நான் ஜன்னல் பக்கம் போனேன். "என்ன பண்ற அக்கா?"

"பிளைவீல் சுத்துதாம்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "போல்ட்டக் கழட்ட முடியலையாம். நான் பிரேக் மிதிச்சா அது அசையாம நிக்குமாம். வீடியோவுல பாத்திருக்காராம்."

"எவ்வளவு நேரமா?"

"பதினொன்றரைக்கு உக்காந்தேன்."

பிளைவீல் என்பது எஞ்சினின் பின்புறம் இருக்கும் கனத்த இரும்புச் சக்கரம். விளிம்பு முழுக்கப் பல் இருக்கும். கிளட்ச் அதன்மேல்தான் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஸ்பேனரை வைத்துத் திருகினால் போல்ட் கழலாது, சக்கரமே சுற்றும். அதை அசையாமல் பிடிக்க வேண்டும் என்பது உண்மைதான். கியரில் போட்டுப் பிரேக்கை மிதித்தால் எஞ்சின் அசையாது என்பதும் உண்மைதான். கியர்பாக்ஸ் வண்டியில் இருந்தால்.

கியர்பாக்ஸ் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கின்மேல் கிடந்தது. ஒரு காக்கை அதன்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

எஞ்சினுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரே உறவு அந்தப் பெட்டி. அதைக் கழற்றி வைத்துவிட்டு இங்கே பிரேக் மிதிப்பதும் பக்கத்துத் தெருவில் நிற்கிற வண்டியில் ஏறி மிதிப்பதும் ஒன்றுதான். ஒன்றரை மணி நேரம் என் அக்கா எதையுமே பிடிக்காத ஒரு பிரேக்கை மிதித்துக்கொண்டு, சரியாக மிதிக்கவில்லை என்று வசவும் வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். அக்கா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எதுவும் சொல்லாத" என்றாள் மெதுவாக. "உனக்குப் புண்ணியமாப் போகும். கோவம் வந்தா அப்படியே போட்டுட்டுப் போயிடுவாரு. பாத்ரூம் கதவு பாத்தல்ல. நாளைக்கு அஞ்சு மணிக்கு எனக்கு வண்டி வேணும்."

பாத்ரூம் கதவு எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் தாழ்ப்பாள் மாற்றக் கழற்றினார். அக்கா ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள் என்று ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டு எழுந்து போனார். அந்தக் கதவுக்கு இன்றுவரை தாழ்ப்பாள் ஒரு வாளித் தண்ணீர்தான்.

வாயில் வந்ததை விழுங்கினேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம் அது. கீழே குனிந்து எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னேன்.

"அத்தான், கியர்பாக்ஸ் வெளிய இருக்கே. பிரேக் மிதிச்சா எப்படி அத்தான் நிக்கும்?"

ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு அத்தான் முதுகால் நகர்ந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அது எனக்குத் தெரியாதா? பிரேக்குல லீக் இருக்கான்னு செக் பண்ணினேன். நாளைக்கு ஒன்பது பேர் ஏறப்போறாங்கல்ல."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இங்கே மீசை மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது, ஆள் வெளியே நின்று பேசுகிறார். அக்கா வண்டியிலிருந்து இறங்கினாள். வலது காலைத் தரையில் ஊன்ற முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் பையிலிருந்து பிளைவீலைப் பூட்டுகிற லாக்கை எடுத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புத் துண்டு. ஒரு பக்கம் பல், இன்னொரு பக்கம் ஓட்டை. ஓட்டை வழியாக எஞ்சினின் உடம்பில் ஒரு போல்ட் போட்டு இறுக்கினால், பல் பிளைவீலின் பல்லோடு கோத்துக்கொள்ளும். சக்கரம் அப்புறம் இம்மியும் நகராது. யாரும் பிடிக்க வேண்டாம்.

"இதப் போட்டுக்கலாம் அத்தான். ரெண்டு நிமிஷ வேலை."

அவர் அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். "இதெல்லாம் கடைக்காரன் விக்கிறதுக்காகப் பண்ற சாமான், சின்னவளே. கவுன்ட்டர்ல நின்னு எடுத்துக் குடுக்கிறது வேற, வேலை வேற." சொல்லிவிட்டு லாக்கை என் பைக்குள்ளேயே போட்டார். "ஏய், நீ வா. இந்த ஸ்க்ரூடிரைவர அந்தப் பல்லுக்குள்ள குடுத்துக் கெட்டியாப் பிடி."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தாள். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஸ்க்ரூடிரைவரைப் பிளைவீலின் பல்லுக்கும் எஞ்சின் விளிம்புக்கும் நடுவில் கொடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள். அத்தான் ஸ்பேனரின் பின்னால் ஒரு நீளக் குழாயைச் செருகி, காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். போல்ட் நகரவில்லை. இன்னும் இழுத்தார். ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. சக்கரம் சட்டென்று சுற்ற, அக்காவின் வலது கை போய் இரும்பில் மோதியது. நான்கு விரல் முட்டியிலும் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்து, பிறகு ரத்தம் வந்தது.

அக்கா கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"பிடிக்கக்கூடத் தெரியல" என்றார் அத்தான். "இந்தக் கைய வச்சுக்கிட்டுதான் வண்டி ஓட்டப் போறாளாம்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அக்கா கேட்டுக்கொண்டது நினைவிலேயே இல்லை.

"ஒன்றரை மணி நேரம் ஒன்னுமில்லாத பிரேக்க மிதிக்க வச்சீங்களே, அது யாருக்கு வேலை தெரியாம? பிடிக்கத் தெரியலையா அவளுக்கு? இருபத்திரண்டு வருஷமா உங்க வீட்டையே அவதான் பிடிச்சுட்டு நிக்கிறா. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சாமானை நீங்க பிடிச்சிருக்கீங்களா? போன் தவிர?"

வெல்டர் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. அத்தான் எழுந்தார். ஸ்பேனரைத் தரையில் போட்டார். "அப்போ நீங்களே பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவுக்கு மட்டும் நல்ல தாழ்ப்பாள் இருக்கிறது.

குழாயடியில் அக்காவின் கையைக் கழுவி, பழைய விரிப்புத் துணியைக் கிழித்துக் கட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இப்ப உனக்குச் சந்தோஷமா?" என்றாள். "நீ பேசிட்ட. மனசு ஆறிடுச்சு. பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவ. நாளைக்கு ஒன்பது பேர் ரோட்டுல நிப்பாங்க."

என்மேல் அவள் கோபப்பட்டது நியாயம். ஆனாலும் எரிச்சலாக இருந்தது. "நான் எங்கயும் போகல" என்றேன். லாக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். ஒரு போல்ட், நாலு திருகு. கூப்பிட்டேன். "அக்கா, வா. வந்து அசைச்சுப் பார்."

அவள் வந்து பக்கத்தில் படுத்து, நல்ல கையால் பிளைவீலைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினாள். அது சுவர் மாதிரி நின்றது.

ஆறு போல்ட்டும் கழன்றன. முரண்டு பிடித்த அந்தப் போல்ட்கூட, அத்தானின் குழாய் இல்லாமலே வந்தது. மூடியை விலக்கியதும் உள்ளே இருந்த பழைய கிளட்ச் பிளேட் வட்டத் தட்டாகக் கையில் விழுந்தது. விழுந்த உடனே என் விரலெல்லாம் வழுவழு என்று ஆனது. காய்ந்து வறண்டிருக்க வேண்டிய பிளேட், எண்ணெயில் ஊறிக் கருத்துப்போய் இருந்தது.

அக்கா அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். சலவைக்கூடத்தில் எந்தக் கறை என்ன கறை என்று மோந்தே சொல்கிறவள் அவள்.

"இது நம்ம முற்றத்துக் கறை" என்றாள்.

வேன் நிற்கும் இடத்தில் தரையில் ஒரு எண்ணெய்க் கறை உண்டு. சனிக்கிழமைதோறும் அவள் சோடா உப்புப் போட்டு முட்டிபோட்டுத் தேய்ப்பாள். அடுத்த வாரம் மறுபடி இருக்கும். சரியாகத் தேய்க்கவில்லை என்று அதற்கும் ஒரு பேச்சு வாங்குவாள்.

"எஞ்சின் பின்னாடி ஒரு சீல் இருக்கு. அது போயிருக்கு" என்றேன். "ஆயில் கசிஞ்சு கசிஞ்சு பிளேட் ஊறிடுச்சு. அதான் வழுக்குது. எரிஞ்சதே இல்ல இது."

"பதினோரு நாள்ல இவ்வளவு ஊறுமா?"

"ஊறாது."

"அப்போ எவ்வளவு நாள்?"

இங்கேதான் நான் முன்பு விட்ட கதையைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அத்தான் என் கடைக்கு வந்தார். வண்டியில் ஆயில் சொட்டுகிறது, சீல் மாற்ற வண்டியைப் பிரிக்க வேண்டுமாம், அதெல்லாம் வேண்டாம், கசிவு நிற்க ஊற்றுகிற டப்பா இருக்கிறதாமே என்றார். அந்த டப்பா அந்தக் கசிவுக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். சொன்னால், கவுன்ட்டரில் நிற்கிறவளுக்கு என்ன தெரியும் என்பார். அதைக் கேட்கப் பிடிக்காமல் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டிவிட்டேன். நான் நீட்டிய டப்பா அது. எல்லாவற்றுக்கும் வாய் திறக்கிறவள் அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் பிளேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "நீயும் சொல்லல" என்றாள். அத்தானை நான் திட்டியதெல்லாம் சேர்த்தாலும் அந்த இரண்டு வார்த்தைக்கு ஈடாகாது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, வேறு எங்கும் பார்க்க முடியாமல், எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீல் பிளைவீலுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே பிளைவீலையே கழற்ற வேண்டும். அதன் போல்ட்டுகள் மற்றவை மாதிரி இல்லை, உயிரைக் கொடுத்து இறுக்கியிருப்பார்கள். லாக் தாங்கியது. பழைய சீல் விறைத்துக் காய்ந்த தோலாக இருந்தது, நெம்பியதும் துண்டு துண்டாக வந்தது. புதுசை வைத்துத் தட்டி உட்காரவைத்து, எல்லாவற்றையும் எண்ணெய் போகத் துடைத்து, பிளைவீலை மறுபடி தூக்கி மாட்டினோம். லாக்கைப் பூட்டினேன். அளவு காட்டும் ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டை இறுக்கப் போனேன். பார்த்தால், அக்கா கட்டுப்போட்ட கையை விளிம்பில் வைத்து, நல்ல கையையும் சேர்த்துக்கொண்டு, சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தோள்பட்டை நரம்பெல்லாம் புடைத்திருக்கிறது.

"அக்கா, கைய எடு."

"எடுத்தா சுத்திடும்."

"சுத்தாது. லாக் போட்டிருக்கு. நீதானே தள்ளிப் பாத்த."

"இருக்கட்டும். நான் சும்மா பிடிச்சுக்கிறேன். நீ இறுக்கு."

"நீ பிடிக்கிறதுனால அது நிக்கல அக்கா. அது தானா நிக்குது. கைய எடு."

அவள் எடுக்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஸ்பேனரை வைத்துவிட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சக்கரத்திலிருந்து பிரித்து எடுத்தேன். கடைசி விரலை எடுத்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சக்கரம் அசையாமல் நின்றது.

"அந்த ஸ்பேனரக் குடு" என்றாள்.

மீதி போல்ட்டெல்லாம் அவள்தான் இறுக்கினாள், புண்பட்ட கையோடு. அளவு வந்ததும் ஸ்பேனர் டக் என்று சத்தம் போடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடைசிப் போல்ட் முடிந்ததும், "இவ்வளவுதானா?" என்றாள். "இவ்வளவுதான்" என்றேன். "இதுக்கா என்னைய ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சாரு" என்றாள். அன்றைக்கு முழுவதும் அவள் அத்தானைப் பற்றிச் சொன்ன முதல் குறை அது. எனக்குக் காதில் தேன் விழுந்த மாதிரி இருந்தது.

கிளட்சை மாட்டுவது எனக்குத் தெரிந்த வேலை. கியர்பாக்ஸைத் தூக்குவதுதான் மலைப்பாக இருந்தது. ஜாக்கின்மேல் வைத்து ஏற்றலாம், ஆனால் அது ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து விழப் பார்த்தது. அக்கா உள்ளே போய், சலவைக்கூடத்தில் கழித்துக் கட்டிய பெரிய விரிப்பு ஒன்றைக் கொண்டு வந்தாள். அதை கியர்பாக்ஸுக்கு அடியில் விட்டு, இந்த முனையை அவள் பிடித்தாள், அந்த முனையை என் கையில் கொடுத்தாள். "ஒன்னுன்னா இழு, ரெண்டுன்னா நிறுத்து" என்றாள். ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. சாயாமல் ஏறியது. நான்காவது தடவையில் தண்டு போய்த் தன் துளையில் அமர்ந்தது. அவள் பதினாறு வருடம் ஈரத் துணியில் கற்ற வேலை அது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனது. முற்றத்துக்குள்ளேயே முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி ஓட்டிப் பார்த்தாள். சத்தம் கேட்டுப் படுக்கையறைக் கதவு திறந்தது. அத்தான் வந்து வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார், டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆயிடுச்சா? கஷ்டமான போல்ட்ட எல்லாம் நான் அசைச்சு வச்சுட்டேன்ல. அதான் ஈசியா வந்திருக்கு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் ஓட்டிக்கிறேன்" என்றார் தொடர்ந்து. "உன் கை வேற அடிபட்டிருக்கு. புது கிளட்ச், திரும்ப எரிச்சு வச்சேன்னா? ஒரு மாசம் போகட்டும், பாக்கலாம்." வண்டியின் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை இதுதான். அவரால் தோல் உரிந்த கையைக் காட்டியே அவள் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்.

நான் கொதித்து எழுந்தேன். அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "நீ ஒரு தடவை பேசினது போதும்" என்றாள். அப்புறம் குப்பையில் போடவிருந்த பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, சமையல்கட்டு அலமாரியில் வைத்தாள். எனக்குப் புரியவில்லை. கேட்டும் அவள் சொல்லவில்லை.

அன்றிரவு நான் அங்கேயே தங்கிவிட்டேன். காலை நாலே முக்காலுக்கு அத்தான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நேரத்துக்கு அவர் கிளம்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெல்டர் தன் வீட்டு வாசல் குழாயில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். "என்ன, கிளட்ச் மாத்தியாச்சா?" என்று கேட்டார். "மாத்தினேன்" என்றார் அத்தான்.

அக்கா வந்தாள். தலை சீவி, புடவை மாற்றி, கையில் புதுக் கட்டு. மறு கையில் செய்தித்தாள் பொட்டலம். கதவைத் திறந்து, பொட்டலத்தை அத்தானின் மடியில் வைத்துப் பிரித்தாள்.

"இத ஒரு தடவை பாருங்க. எரிஞ்சிருக்கா? ரெண்டு வருஷமா ஆயில்ல ஊறியிருக்கு. இந்தக் கறையத்தான் நான் வாராவாரம் தேய்ச்சேன். பதினோரு நாள்ல நான் எரிச்சிட்டேன்னு தெருவுல வீடு வீடாச் சொன்னீங்க. இப்ப இதையும் வீடு வீடாக் கொண்டுபோய்க் காட்டுங்க. வெல்டர் அண்ணன் அங்கதான் நிக்கிறாரு, அவர்கிட்ட இருந்து ஆரம்பிங்க. உங்களால முடியலன்னா சொல்லுங்க, வேலைக்குப் போயிட்டு வந்து நான் காட்டுறேன்."

அவள் குரல் உயரவில்லை. விரிப்பை மடித்து அடுக்குகிற மாதிரி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். வெல்டர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். அத்தானின் வெள்ளைச் சட்டையில் வட்டமாக எண்ணெய் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பிளேட்டைப் பார்த்தார், வெல்டரைப் பார்த்தார். பிறகு பிளேட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"சாவி" என்றாள் அக்கா. கொடுத்தார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். எஞ்சின் பிடித்தது. திறந்துவிட்ட கேட், எப்போதும் போல, தானாகச் சாத்திக்கொள்ள வந்துகொண்டிருந்தது. அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏங்க, அந்தக் கேட்டக் கொஞ்சம் பிடிங்க."

அவர் பிடித்தார். ஒரு கையில் எண்ணெய்ப் பிளேட், ஒரு கையில் கேட். வேன் அவரைத் தாண்டித் தெருவில் இறங்கியது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. மேட்டின் உச்சியில் நான் திரும்பிப் பார்த்தேன். தெருமுனை விளக்கு வெளிச்சத்தில் அத்தான் இன்னும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டுவிடலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.